ஒரு படம் ஓடினால் கடன் அடைந்துவிடாது

“ஒரே ஒரு படம் ஓடிட்டா போதும் சார். மொத்தக் கடனையும் ஒரே செக்குல அடைச்சிடுவான்.”

இதைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை போய்விட்டது. கோடம்பாக்கத்தை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் கல்விக்கடன் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மாணவர்கள் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்பாக்கள் சொல்கிறார்கள், மாமாக்கள் சொல்கிறார்கள், சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். அண்மையில் ஒரு தாய், மகனை டைரக்‌ஷன் படிக்க வைக்க வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டு வந்தார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவரும் இதையே சொன்னார். யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த யாரோ இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும்.

படம் ஓடினால் பணம் யாருக்கு? தயாரிப்பாளருக்கு, விநியோகஸ்தருக்கு, தியேட்டர்காரருக்கு. இயக்குநரின் சம்பளம் படம் தொடங்கும் முன்பே பேசி முடிக்கப்படுகிறது. முதல் படம் செய்பவரால் பேரம் பேச முடியாது. ‘வாய்ப்பு கொடுத்ததே பெரிசு’ என்று சொல்லியே பாதியைக் குறைத்துவிடுவார்கள். பேசிய தொகையும் ஒரே செக்காக வருவதில்லை. அட்வான்ஸ் கொஞ்சம், ஷூட்டிங்கின்போது கொஞ்சம், ஃபர்ஸ்ட் காப்பி வந்ததும் கொஞ்சம், ரிலீஸுக்கு முன்னால் மீதி. ரிலீஸ் நெருங்கும்போது தயாரிப்பாளர் ஃபைனான்ஸியருக்கு செட்டில் செய்யவே திணறிக்கொண்டிருப்பார். ‘படம் வெளிய வரட்டும், பாத்துக்கலாம்’ என்று அப்போது தள்ளிப்போடப்படுவது புது இயக்குநரின் கடைசித் தவணைதான். படம் ஓடினால் அவருக்குக் கிடைப்பது அடுத்த படம். அதற்கு நல்ல சம்பளம் பேசலாம், உண்மை. ஆனால் கதை எழுத வேண்டும், ஹீரோவின் கால்ஷீட் கிடைக்க வேண்டும், தயாரிப்பாளர் அமைய வேண்டும். ஒன்றிரண்டு வருடம் அதிலேயே கழிந்துவிடும்.

இதுவும் முதல் படம் கிடைத்தவரின் நிலைமை. படிப்பு முடிந்த மறுநாள் யாரும் படத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. உதவி இயக்குநராகச் சேர வேண்டும். ஷூட்டிங் நடக்கும் நாளில் பேட்டா உண்டு, சாப்பாடு உண்டு. கதை விவாதம் நடக்கும் மாதங்களில் பெரும்பாலும் டீச்செலவுக்குத்தான் கிடைக்கும். எட்டு வருடம், பத்து வருடம் உதவியாளராகவே இருப்பவர்களை சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். திறமை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரிசை நீளம், அவ்வளவுதான்.

இப்போது வங்கிக் கணக்குக்கு வருவோம். மூன்று வருடப் படிப்பு. வருடத்துக்கு 4 லட்சம், ஆக 12 லட்சம். தனியார் நிறுவனத்தில் கட்டணம், தங்குமிடம், லேப்டாப், டிப்ளமா படச் செலவு எல்லாம் சேர்ந்தால் இது மிகைப்படுத்திய தொகை அல்ல. வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்திலும், முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இதை மாரடோரியம் என்பார்கள். கட்ட வேண்டாம் என்றதும் வட்டியே இல்லை என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்த முதல் நாளிலிருந்து வட்டி ஏறுகிறது. முதல் 4 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 1,76,000 ரூபாய். இரண்டாவது 4 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 1,32,000. மூன்றாவதற்கு 88,000. மொத்தம் 3,96,000. இது தனிவட்டி, வட்டிக்கு வட்டி போடாத கணக்கு. தவணை தொடங்கும் நாளில் உங்கள் பிள்ளையின் தலையில் இருப்பது 12 லட்சம் அல்ல, 15,96,000 ரூபாய்.

இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 22,000 ரூபாய் கட்ட வேண்டும். 15 வருடமாக நீட்டினால் மாதத் தவணை 18,100 சொச்சமாகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 32 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மாதா மாதம், அதே தேதியில். பேட்டாவில் ஓடும் ஒருவரால் இது முடியுமா என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வாடகை, சாப்பாடு, பைக் பெட்ரோல், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் போக 22,000 மிச்சம் வேண்டும். எல்லா மாதமும் வேண்டும்.

சிக்கல் வருமானம் குறைவு என்பது மட்டுமல்ல. அது விட்டு விட்டு வருகிறது. அந்தக் கிளையில் சினிமாத் தொழிலாளர்களின் பாஸ்புக்கை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் நல்ல வரவு இருக்கும். அடுத்து மாதக்கணக்கில் எதுவும் இருக்காது. பயிர்க் கடன் கொடுக்கும்போது அறுவடை எப்போது என்று பார்த்துத்தான் வங்கி தவணைத் தேதி வைக்கிறது. வாராக்கடன் என்று எப்போது முத்திரை குத்துவது என்பதையும் பயிர்ப் பருவத்தை வைத்தே முடிவு செய்கிறது. சினிமாக்காரரின் வருமானமும் வானம் பார்த்த பூமிதான். ஆனால் அவர் வாங்கிய கல்விக்கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன். சிபில் மதிப்பெண் விழும். பிள்ளைக்கு மட்டும் விழுவதில்லை, இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்ந்தே விழும். தங்கையின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரிய வருகிறது. வீட்டை அடமானம் வைத்திருந்தால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கி அந்தச் சொத்தின் மேல் கை வைக்கலாம். முதலில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவும் சொன்னால் உடனே பெயர்களை எடுத்து விடுவார்கள். லோகேஷ் கனகராஜைப் பாருங்கள், மணிரத்னத்தைப் பாருங்கள், கார்த்திக் சுப்பராஜைப் பாருங்கள். சரி, பார்ப்போம். லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குறும்படம் எடுத்தவர். மணிரத்னம் எம்.பி.ஏ. படித்தவர். கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினியர், கலைஞர் டி.வி.யின் ‘நாளைய இயக்குநர்’ வழியாக வந்தவர். வெற்றிமாறன் லயோலாவில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு பாலு மகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். இவர்களில் யாரும் லட்சக்கணக்கில் கடன் வாங்கித் திரைப்படப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. பிறகு இவர்களின் வெற்றி அந்தக் கடனுக்கு எப்படி ஜாமீன் ஆகும்?

படித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் சென்னை அரசு திரைப்பட நிறுவனத்தின் மாணவர்கள். 1986-இல் வந்த ‘ஊமை விழிகள்’ அதே நிறுவனத்தில் படித்த இளைஞர்கள் கூட்டாகச் செய்த படம். அதன் பிறகுதான் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பையன்கள் என்றால் தயாரிப்பாளர்கள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் அரசு நடத்திய நிறுவனங்களில் படித்தவர்கள். இன்று நாம் பேசுகிற கல்விக்கடனின் மாதிரித் திட்டத்தை இந்திய வங்கிகள் சங்கம் கொண்டுவந்ததே 2001-இல்தான். இந்தக் கடன் பிறப்பதற்கு முன்னால் படித்தவர்களைக் காட்டி, இந்தக் கடனை வாங்கச் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

‘இங்கேதான் இப்படி, வெளிநாட்டில் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம்’ என்று இன்னொரு பேச்சு. அமெரிக்காவின் பெயர்பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் கல்வித் துறையின் தரவை வைத்து ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அங்கே திரைப்படத்தில் முதுகலை முடித்து, அரசின் கல்விக்கடன் வாங்கியிருந்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர். படித்து முடித்த இரண்டு வருடத்தில் அவர்களில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்கும் கீழே. ஹாலிவுட் இருக்கிற நாட்டிலேயே, புகழ்பெற்ற பல்கலைக்கழகத்திலேயே இதுதான் நிலைமை. முதுகலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் வாங்க வழிசெய்த ‘கிராட் பிளஸ்’ திட்டம், 2025-இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை முதல் புதிய கடன்தாரர்களுக்கு இல்லை. முதுகலைக்கு மொத்த உச்சவரம்பு 1,00,000 டாலர். கொடுத்த அரசே கையை இழுத்துக்கொண்ட வகைக் கடனைத்தான் நம் ஊரில் வீட்டை வைத்து வாங்கத் துடிக்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற அரசுத் தளத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு எவ்வளவு கடன், முடித்தவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்கலாம். நமக்கு மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளத்தைக் கொடுக்கின்றன. வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். தனியார் சினிமா பயிற்சி நிலையங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியல் பக்கமே வருவதில்லை. ஆகவே நீங்களே கேட்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் படித்து முடித்த செட்டில் இன்று யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் போட்டோ மாட்டியிருக்கும் இரண்டு பேரைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

மீதி நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

‘தேர்தல் வந்தா தள்ளுபடி பண்ணிடுவாங்க.’ கல்விக்கடன் ரத்து என்ற வாக்குறுதி தேர்தல் அறிக்கைகளில் வந்திருக்கிறது. அறிக்கையை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு வங்கி நோட்டீஸ்தான் அனுப்பியது. ரத்து என்று அரசாணை கையில் வரும்வரை கட்டுங்கள்.

‘100 சதவீதம் பிளேஸ்மெண்ட்.’ இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் உட்கார வைப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம், யார் கொடுப்பது என்று எழுத்தில் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

‘சர்டிபிகேட் இருந்தா யூனியன் கார்டு தானா வரும்.’ வராது. திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் உள்ள ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி விதி, தனிக் கட்டணம். அது படிப்புச் செலவுக்கு மேல் இன்னொரு செலவு. முன்கூட்டியே அந்தந்தச் சங்கத்தில் நேரில் விசாரியுங்கள்.

‘வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே.’ எட்டு வருடம் வரை உண்டு. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானமும் வேண்டும். இல்லாதவருக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாய் பயன் இல்லை.

‘பிரதமர் வித்யாலட்சுமியில் ஜாமீனே கேட்க மாட்டாங்க.’ 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டம் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தொடக்கப் பட்டியலில் 860 நிறுவனங்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் இடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கமான மாதிரித் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் வேண்டும். அங்கீகாரமே இல்லாத டிப்ளமாவுக்கு அரசு வங்கி கதவைச் சாத்தும்போது, கூடுதல் வட்டியில் தனியார் நிதி நிறுவனம் கதவைத் திறக்கும். அரசு வங்கி ஏன் சாத்தியது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உள்ளே போங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதையும் விடுவதாக இல்லை. ‘சினிமாப் படிப்பே வேஸ்ட், இன்ஜினியரிங்ல போடு.’ இதைச் சொல்கிறவர்களுக்கு சினிமா என்றால் இயக்குநரும் நடிகரும்தான். படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒலிக்கலவை, டி.ஐ. கலரிங், வி.எஃப்.எக்ஸ். என்று மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற வேலைகள் இருக்கின்றன. டி.வி. சேனலில், விளம்பரக் கம்பெனியில், ஓ.டி.டி. தொடர்களில், கல்யாண வீடியோவில்கூட கைத்தொழில் தெரிந்தவர்களுக்குச் சோறு உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதல்ல. ஆனால் மாதா மாதம் வரும், தவணைக்கு அதுதான் முக்கியம். ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தது ஒலிப்பதிவு. 2009-இல் ஆஸ்கர் வாங்கியதும் ஒலித் துறையில்தான். டைரக்‌ஷன் கோர்ஸுக்குக் கூட்டம் அலைமோதும் நிறுவனத்தில் ஒலிப்பதிவு வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.

படிக்க இடமும் இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம் 1945-இல் தொடங்கியது. அங்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு நடக்கிறது. புனேயில் 1960-இலிருந்து, கொல்கத்தாவில் 1995-இலிருந்து மத்திய அரசின் நிறுவனங்கள் நடக்கின்றன. தனியாரோடு ஒப்பிட்டால் இவற்றின் கட்டணம் சொற்பம். இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். முதல் முயற்சியில் கிடைக்காமல் போகலாம். கிடைக்காத ஆத்திரத்தில் அதே மாதம் தனியாரிடம் 12 லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதைவிட, ஒரு வருடம் எடிட்டிங் ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்துவிட்டு மறுபடி எழுதலாம். ஒரு வருடம் போய்விடுமே என்று பெற்றோர் பதறுகிறார்கள். கடனைக் கட்ட 15 வருடம் போவதைப் பற்றி அவர்கள் பதறுவதில்லை.

தனியாரில்தான் சேர்க்கப் போகிறீர்கள், கடனும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் முதல் வருடம் மாதம் 3,667 ரூபாய், இரண்டாம் வருடம் 7,333, அதன் பிறகு 11,000. இதைக் குடும்பம் தாங்கினால் தவணை தொடங்கும் நாளில் கடன் 12 லட்சத்திலேயே நிற்கும். பத்து வருடத் தவணை 22,000 அல்ல, 16,500 சொச்சம். மாதிரித் திட்டத்தில் ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்கு அந்தக் காலத்துக்கு ஒரு சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டாம் வருடத்து 7,333-ஐயே குடும்பத்தால் கட்ட முடியவில்லை என்றால், இந்தக் கடன் உங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஏஜெண்ட் சொல்லும் எதையும் காதில் வாங்காதீர்கள்.

எனக்கு நெடுநாளாக ஆறாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட வரும் தாய்மார்கள், எதில் போடுகிறோம் என்று தெரியாமலேயே போடுகிறார்கள். வீடு அவர்கள் பெயரில் இருக்கும். பிறந்த வீட்டுச் சீராக வந்த மனையாகக்கூட இருக்கும். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தைத் திருப்பித் திருப்பி, ‘இங்கே போடுங்கம்மா, இங்கே போடுங்கம்மா’ என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். பெற்ற பிள்ளையின் படிப்பு என்பதால் அவர்களும் எதுவும் கேட்பதில்லை. இணைக் கடன்தாரர் என்றால் சாட்சி அல்ல. பிள்ளை கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் அந்தத் தாயே பொறுப்பு. இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லாத அதிகாரி தன் வேலையைச் செய்யவில்லை என்பேன்.

சட்டம் இப்போது தாய்மார்கள் பக்கம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சில்லறைத் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன்தாரரிடம் கொடுத்தாக வேண்டும். அசல் எவ்வளவு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன்தாரருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும், அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், புரிந்தது என்று ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் புரிகிற மொழி எது என்று எந்தக் கிளை மேலாளருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் இல்லை, தலைமை அலுவலகத்திலிருந்து வரவில்லை என்றெல்லாம் சொன்னால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள், புகார் எழுதுங்கள். அந்தத் தாளைக் கொடுத்த பிறகு யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதுவும் உங்கள் உரிமை. ‘சீட் போயிடும், இன்னிக்கே போடுங்க’ என்று அவசரப்படுத்துகிறவர் வங்கிக்காரராக இருந்தாலும் சரி, கல்லூரிக்காரராக இருந்தாலும் சரி, அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, மாதத் தவணை என்று போட்டிருக்கும் வரியை அவன் வாயாலேயே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தொகையை எந்த வேலையில், எந்த மாதத்திலிருந்து சம்பாதிக்கப் போகிறான் என்று கேளுங்கள். பதில் ‘ஒரு படம் ஓடிட்டா’ என்று தொடங்கினால், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.